மாக்ஸ் நெட்லாவின் பெட்டிகள்: ஒரு வரலாற்றாளரின் தாள்களைக் காப்பது என்றால் என்ன?

ஒரு வரலாற்றாளர் காலமாகிறார். சில மாதம் கழித்து, அவருடைய தனிப்பட்ட ஆவணங்களை ஒரு பல்கலைக்கழகமோ காப்பகமோ பெற்றுக்கொண்டதாகச் செய்தி வருகிறது. அதில் ஒரு பகுதி இன்னும் பல ஆண்டுகளுக்குத் திறக்கப்படாது என்று கூடவே ஒரு வரி. படிக்கிறவர்களுக்குக் கேள்விகள் எழுவது இயல்பு. அவர் எழுதிய புத்தகங்கள்தான் கிடைக்கின்றனவே, மிச்சம் என்ன இருக்கிறது? பழைய கடிதக் கட்டுகளுக்குப் பணம் கொடுப்பானேன்? வாங்கியதைப் பூட்டி வைப்பானேன்? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் வேலை முடிந்துவிடாதா?

அந்த வரலாற்றாளர் புரட்சியாளர்களையும் கலகக்காரர்களையும் தடைசெய்யப்பட்ட இயக்கங்களையும் பற்றி எழுதியவர் என்றால் கேள்விகள் இன்னும் சிக்கலாகின்றன. இதைப் புரிந்துகொள்ள மாக்ஸ் நெட்லாவின் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அரசே வேண்டாம் என்ற அரசின்மைவாதத்தின் முதல் பெரிய வரலாற்றாளர் அவர். அவர் சேர்த்தவை இரண்டு உலகப் போர்களையும் ஒரு நாணய வீழ்ச்சியையும் நாஜிப் படையையும் கடந்து இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கின்றன. அப்படிக் கடந்து வந்ததில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு சில மனிதர்கள் சரியான நேரத்தில் எடுத்த முடிவுகளுக்கு.

## முதலில் சொற்கள்

தனிப்பட்ட தாள்கள் என்பது ஒருவர் தன் வேலையின் போக்கிலும் வாழ்க்கையின் போக்கிலும் உண்டாக்கிய, பெற்ற, சேர்த்து வைத்த எழுத்துகள் அனைத்தும். வந்த கடிதங்கள், அனுப்பியவற்றின் நகல்கள், குறிப்பேடுகள், அச்சுக்குப் போகாத கைப்பிரதிகள், நாட்குறிப்பு, பத்திரிகைத் துணுக்குகள், பேட்டிப் பதிவுகள், ரயில் சீட்டு வரை. நூலகம் சேர்ப்பது பல பிரதிகள் உள்ள அச்சு நூல்களை. ஒரு பிரதி தொலைந்தால் இன்னொன்று எங்காவது இருக்கும். காப்பகம் சேர்ப்பது பெரும்பாலும் உலகத்தில் ஒன்றே ஒன்று உள்ளதை.

காப்பகத் தொழிலில் இரண்டு விதிகள் அடிப்படை.

1. மூலத் தொகுதி கலையக் கூடாது. ஒருவரிடமிருந்து வந்த தாள்கள் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். ரஷ்ய அரசின்மைவாதி பக்கூனினின் கடிதம் நெட்லாவின் பெட்டியில் வந்தால், அது நெட்லாவின் பெட்டியில் வந்தது என்ற செய்தி அழியக் கூடாது.

2. மூல அடுக்கு கலையக் கூடாது. அவர் எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாளை வைத்திருந்தாரோ அந்த அடுக்கு முடிந்தவரை அப்படியே இருக்க வேண்டும்.

இந்த விதிகளை ஒழுங்காக எழுதி உலகத்துக்குத் தந்தவர்களில் முக்கியமானவர்கள் மூன்று டச்சுக் காப்பாளர்கள்: மல்லர், ஃபைத், ஃப்ரூயின். 1898இல் வந்த அவர்களுடைய கையேடு இன்றும் இத்தொழிலின் பாலபாடம். நெட்லாவின் தாள்கள் கடைசியில் போய்ச் சேர்ந்ததும் டச்சு நாட்டுக்குத்தான்.

## அடுக்கில் என்ன இருக்கிறது?

இரண்டாவது விதிதான் வெளியாருக்குப் புரியாதது. ஒழுங்கில்லாமல் கிடப்பதைத் தேதிவாரியாக அடுக்கிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். பிரிட்டிஷ் வரலாற்றாளர் ரஃபேல் சாமுவேலின் குறிப்புகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் தொழிலாளர்களையே வரலாறு எழுத வைத்தவர் அவர், 1996இல் மறைந்தார். அவருடைய தாள்கள் லண்டனின் பிஷப்ஸ்கேட் நிறுவனத்தில் உள்ளன.

அவர் குறிப்பெடுத்த விதம் இது. ஒரு தாளில் ஒரு குறிப்பு மட்டும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுத்து. தலையில் பொருள், கூடவே எங்கிருந்து எடுத்தது என்ற விவரம். சில தாள்களில் வெட்டி எடுத்த மேற்கோளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார். இப்படி ஆயிரக்கணக்கான உதிரித் தாள்கள் தலைப்புவாரியாகக் கோப்புகளில் கிடக்கும். ஒரு கட்டுரைக்குத் தேவை என்றால் ஒரு கோப்பிலிருந்து தாளை உருவி இன்னொன்றில் செருகுவார். பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர்களான சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியின் பழக்கம் அவரிடம் இப்படித் தொடர்ந்தது.

அந்தத் தாள்களை ஒரு நல்ல மனிதர் "ஒழுங்குபடுத்தி" ஆண்டுவாரியாக அடுக்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாள்கூடத் தொலையவில்லை. ஆனால் கோழி வளர்த்த தொழிலாளியைப் பற்றிய குறிப்பு ஏன் வாடகைப் போராட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பது போய்விட்டது. அந்தப் பக்கத்துப் பக்கத்து வைப்புதான் வரலாற்றாளரின் சிந்தனை. அதை எழுத்தில் அவர் எங்கும் எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே ஒரு வரலாற்றாளர் இறந்ததும் குடும்பத்தார் செய்ய வேண்டிய முதல் காரியம், அறையைச் சுத்தம் செய்யாமல் இருப்பது. அலமாரியையும் மேசையையும் இருந்தபடியே படம் எடுத்து வைத்தாலே பாதிப் புண்ணியம்.

## தீவிர அரசியலின் வரலாற்றாளர் ஏன் வேறு வகை?

மன்னரைப் பற்றி எழுதுபவர் அரண்மனைக் காப்பகத்துக்குப் போவார். கம்பெனியைப் பற்றி எழுதுபவர் கணக்குப் புத்தகத்தைக் கேட்பார். தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்பின் காப்பகம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கும் இல்லை. காரணங்கள் மூன்று.

1. இயக்கத்தார் தாங்களே எரித்துவிடுகிறார்கள். போலீஸ் கதவைத் தட்டும் முன் அடுப்பில் போடப்படுவது உறுப்பினர் பட்டியலும் கடிதங்களும்தான். பெயர் எழுதிய ஒரு காகிதம் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பும் என்ற நிலையில், காகிதத்தை அழிப்பது தோழமைக் கடமை.

2. மிஞ்சுவது போலீஸ் கோப்பு. அது கவனமாக வைக்கப்படும், அட்டவணை போடப்படும், பத்திரமாக இருக்கும். ஆனால் அது பின்தொடர்ந்தவனின் பார்வை. மார்க்சிய வரலாற்றாளர் எரிக் ஹாப்ஸ்பாமை பிரிட்டிஷ் உளவுத்துறை 1940களிலிருந்தே கண்காணித்தது. அவர் உயிரோடு இருந்தபோது தன் கோப்பைக் கேட்டும் கிடைக்கவில்லை. 2012இல் அவர் இறந்தார். 2014இல் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசியக் காப்பகத்தில் திறக்கப்பட்டன. அவருடைய சொந்தத் தாள்கள் வாரிக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையத்தில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிவதால்தான் அவர் வாழ்க்கையை எழுதுகிறவர், உளவாளி எழுதிய ஹாப்ஸ்பாமை மட்டும் நம்ப வேண்டிய நிலையில் இல்லை. இந்த வாய்ப்பு எத்தனையோ பேருக்கு இல்லை. அவர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது போலீஸ்காரரின் வாக்கியம் மட்டுமே.

3. வரலாற்றாளரே காப்பகமாகிறார். வயதான புரட்சியாளர் ஒருவர் அரசு நிறுவனத்தை நம்ப மாட்டார். தன்னைத் தேடி வந்து, தன் மொழியில் பேசி, மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஆளை நம்புவார். பரண்மேல் இருக்கும் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடுவார்.

எனவே இத்தகைய வரலாற்றாளரின் தாள்களில் இருப்பது அவர் மட்டும் அல்ல. அவரை நம்பி ஒப்படைத்தவர்கள் அத்தனை பேரும் உள்ளே இருக்கிறார்கள்.

## நெட்லாவ் சேர்த்தது

நெட்லாவ் 1865இல் வியன்னாவை ஒட்டிய நாய்வால்டெக்கில் பிறந்தார். படித்தது மொழியியல், வேல்ஸ் மொழியின் இலக்கணத்தில் முனைவர் பட்டம். அந்த ஆய்வுக்காக லண்டன் போன இடத்தில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸின் சோஷலிஸ்ட் லீக் என்ற அமைப்பில் சேர்ந்தார். பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மொழியியலாளரின் பழக்கம், நேற்று அச்சான துண்டறிக்கையின் மேல் திரும்பியது. ஒரு கூட்டத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் கூட்டம் முடிந்ததும் குப்பை. நெட்லாவுக்கு அது ஆவணம்.

1892இல் தந்தை இறந்தார். கிடைத்த சொத்து, சம்பள வேலை இல்லாமல் சிக்கனமாக வாழப் போதுமானதாக இருந்தது. அதை அவர் செலவழித்தது ஐரோப்பா முழுக்கப் பயணம் செய்யவும், சேர்க்கவும். குரோபோட்கின், மலடெஸ்டா, எலிசே ரெக்ளூ என்று இயக்கத்தின் பெரியவர்களை நேரில் அறிந்தவர். 1897இல் அரசின்மைவாத வெளியீடுகளுக்கு ஒரு நூற்பட்டியலை பிரஸ்ஸல்ஸில் வெளியிட்டார், முன்னுரை ரெக்ளூ.

அவருடைய பக்கூனின் வாழ்க்கை வரலாறு, பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கே ஒரு பாடம். 1896 முதல் 1900 வரை உழைத்து எழுதிய அந்த மாபெரும் பிரதிக்குப் பதிப்பகம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? முழுவதையும் தன் கையாலேயே எழுதி, நகலெடுக்கும் கருவியில் 50 பிரதிகள் எடுத்தார். அவற்றை உலகின் பெரிய நூலகங்களுக்கும் சில நண்பர்களுக்கும் அனுப்பினார். விற்க முடியாத நூல் அது. அவருக்குத் தேவைப்பட்டது வாசகர் கூட்டம் இல்லை. ஒரு வீடு எரிந்தாலும் ஒரு நகரம் அழிந்தாலும் தன் உழைப்பு அழியக் கூடாது என்பதுதான். இன்று கணினித் துறையில் ஒரே தரவைப் பல ஊர்களில் பிரித்து வைப்பது அடிப்படை விதி. அதையே 50 தபால் பொட்டலங்களில் செய்துவிட்டார் நெட்லாவ்.

ஆனால் சேகரிப்பின் பெரும்பகுதிக்கு அப்படி நகல் கிடையாது. அது பல நகரங்களில் சிதறிக் கிடந்தது. 1914இல் போர் வெடித்தபோது அவர் வியன்னாவில். லண்டனிலும் பாரிஸிலும் வைத்திருந்த மூட்டைகள் எதிரி நாட்டில். போர் முடிந்ததும் ஆஸ்திரிய நாணயம் சரிந்து அவருடைய சொத்து காற்றோடு போயிற்று. வியன்னாவில் பட்டினிக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு, பத்திரிகைக் கட்டுரைகளின் சொற்ப வருவாயில், அரசின்மைவாதத்தின் பல தொகுதி வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். விற்றால் காசாகும் சேகரிப்பு கையில் இருந்தது. துண்டு துண்டாக விற்க அவர் மனம் இசையவில்லை. பழைய புத்தக வியாபாரிக்கு வேண்டியது விலைபோகும் நூறு உருப்படிகள். மிச்சம் எடைக்குப் போகும். இந்த ஒரு பிடிவாதம் இல்லையென்றால் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது.

## 1935 முதல் 1946 வரை

வாங்கியவர் ஆம்ஸ்டர்டாமின் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் போஸ்துமுஸ். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தின் நூலகங்களும் ஆவணங்களும் தீக்கு இரையாகும் என்று உணர்ந்தவர். தொழிலாளர்களுக்கான ஒரு டச்சு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தது. 1935 நவம்பரில் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் உருவானது. அதே ஆண்டில் நெட்லாவின் சேகரிப்பும் அதன் கைக்கு வர முடிவாயிற்று.

விலை பேசுவது ஒன்று, பொருள் வந்து சேர்வது வேறு. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்த நெருக்கடி நாட்களில் நிறுவனத்தின் நூலகர் ஆன்னி அடாமா வான் ஸ்கெல்தேமா வியன்னாவில் இருந்து, நெட்லாவிடம் இருந்த பக்கூனின் கைப்பிரதிகளைக் கடத்தி வெளியே கொண்டுவந்தார். காப்பகப் பணி தூசி தட்டும் வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். நாடு வீழும் நேரத்தில் எந்தத் தாளை முதலில் எடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் மனத்தில் இல்லாதவரால் அது முடியாது.

நெட்லாவும் அந்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் வந்தார். தன்னுடைய பெட்டிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பிரித்து, வகைப்படுத்திக்கொண்டிருந்தார். 1940இல் ஜெர்மன் படை அங்கும் வந்தது. ஜூலையில் நிறுவனம் மூடப்பட்டது. மிக முக்கியமான ஆவணங்களை போஸ்துமுஸ் போருக்கு முன்பே இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். 1938இல் வாங்கிய மார்க்ஸ், எங்கெல்ஸ் கைப்பிரதிகள் அதில் அடக்கம். கட்டடத்தில் மிஞ்சியதை நாஜிகளின் ரோசன்பர்க் பிரிவு, நூல் கொள்ளைக்கென்றே அமைந்த பிரிவு, எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் படகுகளில் ஏற்றியது. போர் முடிவதைப் பார்க்காமல் 1944 ஜூலை 23 அன்று நெட்லாவ் இறந்தார். தன் வாழ்நாள் சேகரிப்பு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

1946இல் கொள்ளை போனவற்றின் பெரும்பகுதி ஹானோவர் பக்கம், பிரிட்டிஷ் ஆளுகைப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பியது. நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கோப்புகள் மாஸ்கோவில் இருப்பது 1991இல்தான் வெளிவந்தது.

மாஸ்கோ என்றதும் இன்னொன்று. 1936 நவம்பரில் இதே நிறுவனத்தின் பாரிஸ் கிளைக்குள் இரவில் கொள்ளையர் புகுந்தனர். பணத்தைத் தொடவில்லை. போனது ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியின் தாள்கள். சோவியத் உளவுத்துறையின் வேலை அது. இத்தகைய தாள்களுக்கு எதிரி கரையானும் ஈரமும் மட்டும் இல்லை. தன் வரலாற்றைத் தானே எழுத விரும்பும் எந்த ஆட்சிக்கும், அது வலதோ இடதோ, இவை வேண்டாத சாட்சி.

## தாள் ஏன் சாகிறது?

போரைத் தப்பிய தாள் அலமாரியில் சாகலாம். நெட்லாவ் சேர்த்த காலத்துத் துண்டறிக்கைகளும் இதழ்களும் மிக மலிவான தாளில் அச்சானவை. ஏழை இயக்கங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாள் கந்தல் துணியிலிருந்து வந்தது. அது நூற்றாண்டுகள் தாங்கும். பிறகு மரக்கூழ் வந்தது. மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். மை பரவாமல் இருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்தார்கள். அது தாளுக்குள் அமிலத்தை உண்டாக்கியது. அமிலம் தாளின் நாரை உள்ளிருந்தே நறுக்குகிறது. பழைய செய்தித்தாளை மடிப்பில் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குவது இதனால்தான். யாரும் கிழிக்க வேண்டாம், தானே அறுந்துவிடும்.

வெப்பம் கூடினால் இந்த வேதிவினை வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பொதுக்கணக்கு. ஈரப்பதம் கூடினால் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும். எனவே காப்பகக் கிடங்குகள் 16 முதல் 18 டிகிரி வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. எண்ணைவிட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கும் அறை, ஏசியே இல்லாத அறையைவிடக் கெடுதல் செய்யலாம். தினமும் தாள் விரிந்து சுருங்கும்.

ஒரு பெட்டி காப்பகத்துக்கு வந்ததும் நடப்பது சுருக்கமாக:

1. தனி அறையில் நிறுத்தி வைத்துப் பூச்சி, பூஞ்சணம் பார்ப்பார்கள். ஒரு நோய்ப்பெட்டி முழுக் கிடங்கையும் கெடுக்கும்.

2. துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுப்பார்கள். எடுக்கும்போது எந்தத் தாள்கள் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன என்பதைக் காக்க, மடித்த அமிலமற்ற தாளுக்குள் அவற்றைச் சேர்த்து வைப்பார்கள். மூல அடுக்கு விதி குண்டூசிவரை வருகிறது.

3. அமிலமற்ற உறை, அமிலமற்ற அட்டைப்பெட்டி. அட்டையில் சுண்ணாம்புச் சத்து கலந்திருக்கும். கசியும் அமிலத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

4. கிழிசல் இருந்தால் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப் பசையும். தண்ணீர் பட்டால் திரும்பப் பிரித்துவிடலாம் என்பதே இந்த முறையின் சிறப்பு.

5. விளக்கப் பட்டியல். எந்தப் பெட்டியில் யார் கடிதம், எந்த ஆண்டு, எத்தனை. பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை இதுதான். பட்டியல் இல்லாத பெட்டி பூட்டிய பெட்டியைப் போலத்தான்.

வீட்டில் இருக்கும் பழைய கடிதத்துக்கு நம்மவர்கள் அன்போடு செய்யும் இரண்டு காரியங்கள் அதைக் கொல்லும்: செல்லோடேப், லேமினேஷன். டேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும். பின்னர் எடுக்க முடியாது. லேமினேஷன் அமிலத்தையும் தாளோடு சேர்த்துச் சூட்டில் உள்ளே அடைக்கிறது. சான்றிதழின் நகலுக்கு அது சரி. ஒரே ஒரு பிரதி உள்ள கடிதத்துக்குக் கூடவே கூடாது.

## யாருடைய தாள்? யார் படிக்கலாம்?

இங்கேதான் குழப்பம் அதிகம். மூன்று வேறு உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொருள் உரிமை. கடிதம் வந்தவருக்கு அந்தக் காகிதம் சொந்தம். அவர் விற்கலாம், கொடுக்கலாம்.

பதிப்புரிமை. கடிதத்தில் உள்ள வாக்கியங்கள் எழுதியவருக்குச் சொந்தம். நெட்லாவின் பெட்டியை வாங்கியதால் அதிலுள்ள மற்றவர் கடிதங்களை அச்சிடும் உரிமை காப்பகத்துக்கு வந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். நெட்லாவ் 1944இல் இறந்தார், எனவே அவருடைய எழுத்து 2015 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆயிற்று. இந்தியாவில் 60 ஆண்டுகள். எழுதியவர் வாழ்நாளில் வெளிவராமல் பின்னர் அச்சானால், அச்சான ஆண்டிலிருந்து கணக்கு. ஒரு பெட்டியில் 300 பேரின் கடிதங்கள் இருந்தால் 300 கணக்கு. எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமே என்பதற்கு முதல் தடை இது.

அந்தரங்கம். சட்டத்தைவிட இது கனமானது. தலைமறைவில் இருந்தவரின் உண்மைப் பெயர், யார் வீட்டில் ஒளிந்திருந்தார், யார் காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகம், இவையெல்லாம் வரலாற்றாளரின் குறிப்பேட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரரின் மகள் இன்னும் அதே தெருவில் இருக்கலாம்.

"சில ஆண்டுகளுக்குத் திறக்கப்படாது" என்ற நிபந்தனை இதற்காகத்தான். ஒளித்து வைப்பதாக அதைப் படிப்பது தவறு. பெரும்பாலும் அந்த நிபந்தனை இல்லையென்றால் தாள்களே வந்திருக்காது, அடுப்புக்குப் போயிருக்கும். ஸ்பெயினின் அரசின்மைவாத அமைப்புகளான சி.என்.டி. தொழிற்சங்கம், எஃப்.ஏ.ஐ. கூட்டமைப்பு இவற்றின் ஆவணங்கள், உள்நாட்டுப் போரில் 1939இல் சர்வாதிகாரி பிராங்கோவிடம் தோற்றபோது பெட்டிகளாக நாட்டைவிட்டு வெளியேறின. இங்கிலாந்து வழியாக, போருக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தன. பிராங்கோ உயிரோடு இருந்தவரை ஆய்வாளருக்கு அவை திறக்கப்படவில்லை. ஸ்பெயினுக்குள் இருந்த தோழர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன என்பதை நினைத்தால் அந்தப் பூட்டின் நியாயம் புரியும்.

மறுபக்கம், பூட்டு எவ்வளவு பலம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் காலேஜ் 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதப் போராளிகளிடம் பேட்டி எடுத்துச் சேர்த்தது. அவர்கள் உயிரோடு உள்ளவரை வெளியிட மாட்டோம் என்பது வாக்குறுதி. 2011இல் வட அயர்லாந்துப் போலீஸுக்காக அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கோர்ட் மூலம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2013இல் பதிவுகளின் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. காப்பகம் கொடுக்கும் வாக்கு கிரிமினல் விசாரணையின் முன் நிற்காது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. இன்று தீவிர அரசியல் இயக்கங்களைப் பற்றிப் பேட்டி எடுக்கும் எவரும் இதைப் பேட்டி கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்துவது துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

## ஸ்கேன் செய்தால் போதாதா?

ஸ்கேன் மிக நல்லது. தொலைவில் உள்ளவர் படிக்கலாம்; மூலத்தைக் கை தொடுவது குறையும். ஆனால் சில உண்மைகள்.

ஸ்கேன் செய்த படம் ஒரு நகல், மாற்று இல்லை. காகிதத்தின் நீர்க்குறி, மையின் நிறம், பின்பக்கத்துப் பென்சில் எண், மடித்த தழும்பு எல்லாம் சாட்சிகள். எந்தக் கடிதம் எந்த உறையில் வந்தது என்பதை அவைதான் சொல்லும். அடுத்து, கையெழுத்தைக் கணினி படிப்பது இன்னும் தடுமாற்றம்தான். பட்டியல் போடாமல் பத்தாயிரம் படங்களை ஏற்றினால், தேட முடியாத பத்தாயிரம் படங்கள் கிடைக்கும். மூன்றாவது, செலவு ஒருமுறையோடு முடியாது. தாள் ஐம்பது ஆண்டு சும்மா இருந்தாலும் இருக்கும். கோப்பு சும்மா இருந்தால் சாகும்: வடிவம் வழக்கொழியும், டிஸ்க் பழுதாகும், கட்டணம் கட்டாத சர்வர் அணையும்.

நம் காலத்து வரலாற்றாளர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்களுடைய கடிதப் பெட்டி என்பது கடவுச்சொல் பூட்டிய மின்னஞ்சல் கணக்கு. வரைவுகள் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிகின்றன. நெட்லாவ் அடித்து எழுதிய வரியை நாம் பார்க்க முடிகிறது. அழிவிசை அழுத்தியதை யார் பார்ப்பது? உயிரோடு இருக்கும்போதே ஒரு காப்பகத்தோடு பேசி, கணினியின் முழு நகலை எடுத்துக் கொடுப்பது இப்போது வேண்டிய பழக்கம்.

## காத்ததால் என்ன கிடைத்தது?

நெட்லாவ் தன் அரசின்மைவாத வரலாற்றில் மூன்று தொகுதிகளை மட்டுமே, 1925க்கும் 1931க்கும் இடையில், அச்சில் பார்த்தார். மிச்சம் கைப்பிரதியாகவே ஆம்ஸ்டர்டாம் வந்தது. அவர் இறந்து நாற்பது ஆண்டு நெருங்கும்போது, 1980களில், அதிலிருந்து மேலும் இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. பக்கூனின் கைப்பிரதிகளிலிருந்து டச்சு ஆய்வாளர் ஆர்தர் லேனிங் 1961 முதல் பல தொகுதிகளாக ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். சோஷலிஸ்ட் லீகின் கடிதங்களும் நெட்லாவின் சேகரிப்பில்தான் பிழைத்தன. 1950களில் வில்லியம் மாரிஸின் வாழ்க்கையை எழுதிய பிரிட்டிஷ் வரலாற்றாளர் இ.பி. தாம்ப்சனுக்கு அவை கை கொடுத்தன. லண்டனில் நடந்த இயக்கத்தின் கதை, வியன்னாக்காரர் ஒருவர் மூட்டை கட்டியதால், டச்சு நகரத்தில் கிடைத்தது.

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் அங்கே உண்டு. 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு நின்றவர். பத்திரிகை புதுச்சேரிக்குப் போனபோது கூடப் போனவர். அங்கிருந்து லண்டன், பெர்லின், 1920இல் தாஷ்கண்ட். வெளிநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைத்தவர்களில் ஒருவராக இருந்து, அவர்களோடு முறிந்து, பெர்லினில் அரசின்மைவாதி ஆனார். 1935இல் பம்பாய் திரும்பி 1954இல் அங்கேயே இறந்தார். பிரிட்டிஷ் உளவு அறிக்கைகளில் அவர் பெயர் நிறைய வரும். எங்கே போனார், யாரோடு இருந்தார் என்ற கணக்கு அது. அவர் என்ன நினைத்தார் என்பது அவருடைய கட்டுரைகளிலும், 1930களில் அரசின்மைவாதி அலெக்சாண்டர் பேர்க்மனுக்கு எழுதிய கடிதங்களிலும் இருக்கிறது. பேர்க்மன் அந்தக் கடிதங்களை எரிக்கவில்லை. அவருடைய தாள்களும் ஆம்ஸ்டர்டாமில், நெட்லாவின் பெட்டிகள் இருக்கும் அதே காப்பகத்தில், க்ரூக்குயஸ் சாலையில் ஒரு பழைய கோக்கோ கிடங்கில், பட்டியல் எண்ணோடு காத்திருக்கின்றன.